பாதாளக் குளங்களுக்கு இறங்கும் படிகள்

மெக்சிகோவின் யூகத்தான் தீபகற்பத்தில் பொலோஞ்சேன் என்றொரு மாயர் ஊர். ஊர்ச் சதுக்கத்தில் ஒன்பது கிணறுகள் இருந்தன. மழைக்காலத்தில் நிரம்பி நிற்கும். கோடை முற்றினால் அடி தெரியும். கிணறு வற்றப்போகிறது என்று தெரிந்ததும் ஊர் நிர்வாகம் ஒரு நாள் குறிக்கும். அன்றைக்குச் சதுக்கத்துக் கிணறுகளை மூடிவிட்டு, ஊரே கிளம்பிக் காட்டுக்குள் இருக்கும் குகைக்குப் போகும். தின்பண்டம், வாத்தியம், விளக்கு, தழைக்கொம்பு எல்லாம் கூடவே போகும். பாதிரியாரும் வருவார். குகைக்குள்ளே பெரிய ஏணியின் காலடியில், சமதரையாக விரிந்திருக்கும் பாறைக் கூடத்தில் தழை கட்டி விளக்கேற்றிப் பகல் முழுக்க ஆட்டமும் கொண்டாட்டமுமாக இருப்பார்கள். ஒரு நீர் போனால் இன்னொரு நீர் வந்தது என்ற சந்தோஷம். அதன்பின் மழை வரும்வரை மாதக்கணக்கில் அந்தக் குகைதான் ஊருக்குக் குடிநீர்.

இதைப் பதிவு செய்தவர் ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கப் பயணி. 1841-42இல் ஓவியர் பிரெடெரிக் கேதர்வுட்டுடன் யூகத்தானைச் சுற்றி வந்து, 1843இல் புத்தகமாக எழுதினார். கேதர்வுட் அந்தக் குகை ஏணியை வரைந்திருக்கிறார். மரங்களை அப்படியே வெட்டிக் கொடியால் பிணைத்துச் செய்த ஏணி அது. உயரம் எண்பது அடி, அகலம் பன்னிரண்டு அடி. மேலிருந்து ஒரு துளை வழியாக வெளிச்சம் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் முதுகில் குடம் சுமந்த மனிதர்கள் எறும்புச் சாரியாக ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். ஏறுவோருக்கு ஒரு பக்கம், இறங்குவோருக்கு ஒரு பக்கம் என்று நடுவில் பிரித்துக் கட்டியிருந்தார்கள். அதோடும் முடியவில்லை. இன்னும் சில ஏணிகளைத் தீப்பந்த வெளிச்சத்தில் கடந்தால்தான் தண்ணீர். தரைமட்டத்திலிருந்து நானூற்றைம்பது அடி ஆழம் என்று ஸ்டீபன்ஸ் கணக்குச் சொல்கிறார். ஒரு குடம் தண்ணீருக்கு அந்த இறக்கம். பிறகு அந்த ஏற்றம், ஈரப் பாரத்தோடு.

இன்று யூகத்தானில் நிலத்தடிக் குளங்களுக்குக் கூட்டமாகக் குளிக்கப் போவதைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த ஓவியம்தான் நினைவுக்கு வரும். போகிறவர்கள் நண்பர் கூட்டமாக இருக்கலாம், அலுவலக ஆட்களாக இருக்கலாம், பாட்டி பேரன் சகிதமாகக் குடும்பமாக இருக்கலாம். எல்லோரும் இறங்குவது அதே மாதிரிப் பொந்துக்குள். ஆனால் கையில் குடம் இல்லை. உடம்பில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. இந்த மாற்றத்தை இழப்பு என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தரையைப் புரிந்துகொள்ள வேண்டும். யூகத்தானின் வடபகுதியில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது. மழைக்குப் பஞ்சமில்லை, பெய்தால் கொட்டித் தீர்க்கும். ஆனால் பெய்த நீர் தரையில் நிற்பதில்லை. கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். ரவா தோசை மாதிரி ஓட்டையும் பொந்துமான அந்தக் கல் வழியே நீர் இறங்கிவிடும். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்து லேசான அமிலமாகிவிட்ட மழைநீர், லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லைக் கரைத்துக் கரைத்துச் சுரங்கமும் குகையுமாக ஆக்கிவிட்டது. பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் கீழே இருந்தது. அப்போது இந்தக் குகைகள் வறண்டு கிடந்தன. கூரையிலிருந்து சொட்டுச்சொட்டாக நீர் வடிந்து கல் விழுதுகள் தொங்கின. பிறகு பனி உருகிக் கடல் ஏற, குகைக்குள் நீரும் ஏறியது. இன்று நீருக்கு அடியில் முழுகிக் கிடக்கும் கல் விழுதுகள்தான் அதற்குச் சாட்சி. நீருக்குள் அவை உருவாகவே முடியாது.

எங்கே குகைக் கூரை இடிந்து விழுந்ததோ அங்கே மேலே வாய் திறந்தது. அந்த வாயைத்தான் மாயர்கள் சொனோத் என்றார்கள். ஸ்பானியர் வாயில் அது செனோட்டே ஆனது. சில முழுக்கத் திறந்த வட்டக் குளங்கள். சிலவற்றில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு துளைதான் வாசல். உள்ளே இறங்கினால் பெரிய மண்டபம், அதன் தரை முழுக்கத் தண்ணீர். யூகத்தான் முழுவதும் இப்படிப் பல ஆயிரம் இருக்கின்றன. வடமேற்கில் அவை ஒரு பிறைவட்டமாக வரிசை கட்டியிருப்பதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்த்த ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் அதன் காரணத்தையும் கண்டார்கள். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விழுந்து டைனோசர்களின் கதையை முடித்த விண்கல்லின் பள்ளம், சிக்சுலூப் பள்ளம், அந்தச் சுண்ணாம்புக்கல்லின் அடியில் புதைந்திருக்கிறது. குளங்களின் வரிசை அதன் விளிம்பை ஒட்டி ஓடுகிறது.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறும் இதே சுண்ணாம்புக்கல் உண்டாக்கியதுதான். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்ற அதன் அடுக்கும் யூகத்தானின் அடுக்கும் ஒன்றே. மழையின் நன்னீர் இலேசானது. கல்லுக்குள் ஊறி வந்திருக்கும் கடல்நீரின் மேல் அது மிதக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் முக்குளிப்பவர்கள் கண்ணாடியில் எண்ணெய் பூசியதுபோல் எல்லாம் கலங்கித் தெரியும் என்பார்கள்.

ஆறில்லாத நாட்டில் இந்தக் குளங்கள் இருந்த இடத்தில்தான் ஊர் இருந்தது. சிச்சேன் இட்சா என்ற மாநகரம் எழுந்ததும் அப்படித்தான். அங்கே இரண்டு பெரிய குளங்கள். ஒன்று குடிநீருக்கு. மற்றது, செங்குத்துச் சுவர்களுக்கு இடையில் இருபது மீட்டருக்கும் மேலான பள்ளத்தில் பச்சையாகக் கிடக்கும் புனிதக் குளம், மழைத் தெய்வமான சாக்குக்குப் படையலிடும் இடம். 16ஆம் நூற்றாண்டில் பிஷப் தியேகோ தே லாண்டா, பஞ்ச காலத்தில் மனிதரையும் பொருளையும் அதில் எறிந்தார்கள் என்று எழுதினார். 1904 முதல் எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கத் துணைத்தூதர் சேறு வாரும் இயந்திரத்தை வைத்துத் தோண்டியபோது பச்சைக்கல், தங்கம், சாம்பிராணி போன்ற கோபல் பிசின் உருண்டைகள், குழந்தைகள் உட்பட மனித எலும்புகள் எல்லாம் வந்தன. கிடைத்தவற்றில் பெரும்பகுதி ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போனது. சிறுபகுதி பல பத்தாண்டுகள் கழித்துத் திரும்பியது. அந்தக் குளத்தில் இன்றும் யாரும் இறங்கக்கூடாது. விளிம்பில் நின்று பார்க்கலாம்.

எல்லாக் குளமும் அப்படிப் பலிபீடமாக இருந்ததில்லை. பெரும்பாலானவை குடத்துக்கும் குளியலுக்கும்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு மரியாதை இருந்தது. இன்றும் மழை பொய்த்தால் மாயர் கிராமங்களில் ஹ்மென் எனப்படும் பூசாரி சாக்கை அழைக்கும் சடங்கு நடக்கிறது. அதற்கு வேண்டிய தீண்டப்படாத நீரைக் குகையின் உள்ளிருந்துதான் எடுத்து வருவார்கள். 1959இல் சிச்சேன் இட்சாவுக்குப் பக்கத்தில் பலன்கான்சே குகையில், சுவர் வைத்து அடைத்திருந்த ஓர் அறையை உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கண்டுபிடித்தார். உள்ளே தூபக் கலசங்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. அதற்கும் அப்பால் நிலத்தடி நீர். ஆய்வாளர்கள் வேலையைத் தொடங்கியதும் ஊர் ஹ்மென் வந்து, தெய்வங்களின் இடத்தைக் கலைத்ததற்குப் பரிகாரம் செய்தே ஆக வேண்டும் என்றார். குகைக்குள்ளேயே சடங்கு நடந்தது. ஆய்வாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

மகிழ்ச்சிக்காக நீந்தியவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1840இல், முதல் பயணத்தில், ஸ்டீபன்ஸ் முகுய்ச்சே என்ற பண்ணையில் தங்கினார். பண்ணைவீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குகைக்குளம். படி கட்டி வைத்திருந்தார்கள். முதலாளி வீட்டாரும் விருந்தினரும் குளிக்கும் இடம். அந்த அழகுக்குள் இறங்குவதே அபச்சாரம் என்று தோன்றினாலும் சில நிமிடங்களில் சிறுவனைப்போல் நீந்திக்கொண்டிருந்ததாக எழுதுகிறார். வெகு சிலர் மட்டுமே காணக்கூடிய இடத்தில் இயற்கை இதை வைத்துவிட்டதே என்று வருந்தவும் செய்கிறார். 1865இல் மெக்சிகோவின் பேரரசி கார்லோட்டா அதே பண்ணைக்கு வந்தார். அந்தக் குளம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஸ்டீபன்ஸின் வருத்தம் தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். முகுய்ச்சேயில் இப்போது நேரம் குறித்த சீட்டு வாங்கி, குழுக்குழுவாக வழிகாட்டியோடு இறங்குகிறார்கள். இடிந்த பண்ணைச் சுவர்களைச் சுற்றிக் காட்டிவிட்டு, முதல் குளத்தில் நீந்தவிட்டு, கால்வாய் வழியாக இன்னொரு குகைக்குள் கூட்டிப்போகிறார்கள். ஆனால் அந்தச் சுவர்களைக் கட்டியவர்களும் பண்ணையில் உழைத்தவர்களும் மாயர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் யூகத்தானைப் பணக்கார மாநிலமாக்கியது எனெக்கேன் என்ற கற்றாழை நார். அமெரிக்க வயல்களில் கதிர்க்கட்டுகளைக் கட்ட அந்த நாரில் திரித்த கயிறு கப்பல் கப்பலாகப் போனது. மெரிடா நகரத்தில் மாளிகைகள் எழுந்தன. பண்ணையில் மாயர்கள் கடனுக்குக் கட்டுண்டு, தலைமுறை தலைமுறையாக அடிமைகளாகவே உழைத்தார்கள். அவர்களின் தாகத்துக்கு இருந்த குளத்தின் கரையில் முதலாளிக்குக் குளியல் படி. அன்றைய உல்லாசத்தின் முகம் அதுதான்.

அந்தக் கற்றாழைக் காலத்தின் தடயம் ஒன்றைக் குசாமா ஊருக்குப் பக்கத்தில் கையால் தொட்டுப் பார்க்கலாம். வெட்டிய இலைக்கட்டுகளை ஆலைக்குக் கொண்டுவரப் பண்ணைகளுக்குள் குறுகிய தண்டவாளம் போட்டிருந்தார்கள். குதிரை இழுக்கும் மரப்பலகை வண்டி அதில் ஓடும். செயற்கை நார் வந்து தொழில் படுத்தபின் தண்டவாளம் புதரில் கிடந்தது. சுங்கனான் கிராமத்தார் அதே வண்டிகளில் பெஞ்சு போட்டு, மேலே துணிக்கூரை கட்டி, குளிக்க வருவோரைக் காட்டுக்குள் இருக்கும் மூன்று குளங்களுக்குக் கூட்டிப்போனார்கள். ஒற்றைத் தண்டவாளம். எதிரே வண்டி வந்தால் ஒரு வண்டியில் இருப்பவர்கள் இறங்கவேண்டும்; வண்டியை அப்படியே தூக்கிப் பாதையோரம் வைப்பார்கள்; எதிர்வண்டி போனதும் மறுபடி தூக்கித் தண்டவாளத்தில் ஏற்றுவார்கள். மூன்றாவது குளமான பொலோஞ்சோஹோலுக்குத் தரையில் ஒரு சிறு பொந்து வழியாகச் செங்குத்து ஏணியில் இறங்கவேண்டும். நடுப்பகலில் அந்தப் பொந்திலிருந்து ஒரே ஒரு வெயில் கற்றை நேராக நீருக்குள் இறங்கும். நீலத்தின் ஆழம் அப்போதுதான் தெரியும்.

குளத்துக்கும் வீட்டுக்கும் இருந்த உறவை அறுத்தது சுற்றுலா இல்லை. அதற்கு வெகு முன்பே காற்றாலை வந்தது. 1900 வாக்கில் மெரிடாவின் வீட்டுக் கொல்லைகளில் அமெரிக்கக் காற்றாலைகள் சுழன்று கிணற்று நீரை இறைத்தன. பிறகு மின்மோட்டார், பிறகு ஊர் ஊராகக் குழாய். குழாயில் வருவதும் அதே நிலத்தடி நீர்தான். ஆனால் அதற்காக யாரும் படியிறங்க வேண்டியதில்லை. பெண்களின் தலைச்சுமை போனது, அது நல்லது. ஆனால் தினமும் போய்ப் பார்த்த இடத்தை மறப்பதும் அப்போதே தொடங்கியது. பல ஊர்களில் குளம் குப்பைக்குழி ஆனது. கண்ணாடிப் புட்டி, பழைய டயர், செத்த மாடு என்று எல்லாம் உள்ளே விழுந்தன. பின்னாளில் முக்குளிப்பவர்கள் இறங்கி வாரி எடுத்த குப்பையைக் கரையில் அடுக்கிவைத்த படங்களைப் பார்த்தால், குடம் எடுத்துப் போகாத தலைமுறை எவ்வளவு சீக்கிரம் கண்ணை மூடிக்கொள்கிறது என்று மனம் கனக்கும்.

இந்த இடத்தில்தான் குளிக்க வரும் கூட்டம் கதைக்குள் வருகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த ஊர் ஓமூன். மெரிடாவுக்குத் தென்கிழக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஊர் எல்லையிலேயே மோட்டோடாக்ஸிக்காரர்கள் சாலையோரம் நின்று கையசைப்பார்கள். மோட்டார் சைக்கிளின் முன்னால் இருக்கை வைத்த வண்டி அது. ஒரு கூட்டமாகப் போனால் இரண்டு மூன்று வண்டியில் அடைந்துகொள்ளலாம். ஒருநாளில் மூன்று நான்கு குளங்களைச் சுற்றிக் காட்டுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் நிலத்தில் இருக்கிறது. எலுமிச்சை மரம், மேயும் கோழிகள், கட்டித் தொங்கவிட்ட ஏணைத்தூளி, அதற்கப்பால் இடுப்புயரச் சுவர் வைத்த ஒரு பொந்து. நுழைவில் வீட்டுப் பாட்டியோ பேத்தியோ சீட்டுக் கிழித்துக் கொடுப்பார்.

சீட்டுக்கு முன் ஒரு விதி. மேலே குழாய் வைத்திருக்கிறார்கள்; உடம்பில் பூசிய வெயில் களிம்பு, கொசு மருந்து, வாசனை எண்ணெய் எல்லாம் போகக் குளித்துவிட்டுத்தான் இறங்கவேண்டும். குளிக்கப் போகுமுன் குளிக்கச் சொல்கிறார்களே என்று கூட்டத்தில் யாராவது சிரிப்பார்கள். காரணம் தெரிந்தால் சிரிக்கமாட்டார்கள். குளத்து நீர் தேங்கி நிற்பதுபோல் தெரிந்தாலும் கல்லுக்குள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. மண்படுகை இல்லாததால் வடிகட்டவும் வழியில்லை. ஒருவர் தோளில் பூசிய களிம்பு அடுத்த ஊர்க் கிணற்றின் வாசல்வரை போகலாம். மிதவைச் சட்டையும் கட்டாயம். நீச்சல் தெரிந்தவர்களுக்கு அது எரிச்சல்தான். ஆனால் கரையே இல்லாத, படியை விட்டால் உடனே ஆழமாகும் நீரில் அது தேவை.

படி இறங்கும்போது முதலில் மாறுவது காற்று. மேலே கொதிக்கும் வெயில். பத்துப் படி கீழே ஈரக் கல்லின் வாடை. பேச்சுக்குரல் திரும்பி வந்து மோதும். மேலே நிற்கும் ஆலமரத்து இனத்தின் வேர்கள் கூரையைத் துளைத்து, அந்தரத்தில் கயிறாகத் தொங்கி, நீரைத் தொட்டதும் குஞ்சம்போல் விரிந்துகொள்ளும். ஒரு மரம் தண்ணீருக்காக இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறதே என்று அந்த வேரைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். வருடம் முழுக்க நீர் ஒரே குளிர்ச்சி, இருபத்தைந்து டிகிரியை ஒட்டி. காலை விட்டதும் சிலிர்க்கும். கழுத்துவரை போனதும் பழகிவிடும். சின்ன மீன்கள் குதிகாலைக் கொத்தும். இருண்ட கிளைக்குகைகளில் கண்ணே இல்லாத வெள்ளை மீன் இனங்களும் வாழ்கின்றன. அவற்றைப் பொதுவாகக் குளிப்பவர்கள் காண்பதில்லை. வாலின் நுனியில் இரண்டு இறகுத் தட்டுகளோடு தோ என்ற பறவை சுவர்ப் பொந்துகளில் கூடு கட்டும். காட்டில் அது இருந்தால் பக்கத்தில் நீர் இருக்கிறது என்று மாயர்கள் அறிவார்கள்.

சில குளங்களில் பச்சை, ஊதா என்று மின்விளக்குப் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்பது என் விருப்பம். அந்த நீருக்குத் தன் நிறம் போதும்.

கிழக்குக் கடற்கரையின் கதை வேறு, அளவும் வேறு. 1970இல் கன்கூன் என்ற மணல்திட்டில் மெக்சிகோ அரசு சுற்றுலா நகரம் கட்டத் தொடங்கியபோது அங்கே மீனவர் குடிசைகளும் தென்னந்தோப்பும்தான் இருந்தன. இன்று அங்கிருந்து துலும்வரை கரை முழுக்க விடுதி. கடற்கரைக்கு வந்தவர்கள் காட்டுக்குள் குளங்கள் இருப்பதையும் கண்டார்கள். 1980களில் குகை முக்குளிப்பவர்கள் கயிற்றுச் சுருளை வழிகாட்டியாக விட்டுக்கொண்டே சுரங்கங்களுக்குள் போனார்கள். தனித்தனிக் குளம் என்று நினைத்தவை ஒரே நீரின் பல வாசல்கள் என்பது அவர்கள் கயிறு போட்டுக் காட்டிய உண்மை. 2018இல் சாக் அக்துன், தோஸ் ஓஹோஸ் என்ற இரண்டு சுரங்கத் தொகுதிகள் நீருக்கடியில் இணைவதைக் கண்டுபிடித்தார்கள். அப்போதைய மொத்த நீளம் 347 கிலோமீட்டர். 2007இல் ஓயோ நெக்ரோ என்ற கரும்பள்ளத்தின் அடியில் யானை இனத்தின், வாள்பல் பூனையின், ராட்சத ஸ்லாத் விலங்கின் எலும்புகளோடு ஒரு பதின்வயதுப் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. நையா என்று பெயரிட்டார்கள். பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையவள். அமெரிக்கக் கண்டத்தில் இதுவரை கிடைத்த மிகப் பழைய மனித எலும்புக்கூடுகளில் ஒன்று. குகை வறண்டிருந்த காலத்தில் இருட்டில் போய்ப் பள்ளத்தில் விழுந்திருக்கிறாள். எதற்குப் போனாள் என்றால், தண்ணீர் தேடித்தான் போயிருக்கவேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கடற்கரைக் குளங்களில் சிலவற்றை மாயர்களின் பொதுநிலக் கூட்டமைப்பான எஹீதோக்களே நடத்துகின்றன. தோஸ் ஓஹோஸ் அப்படிப்பட்டது. வேறு சில பெரிய பூங்காக்களாகவும் பேருந்து வரிசைகளாகவும் ஆகிவிட்டன. சிச்சேன் இட்சாவுக்குப் பக்கத்து இக் கில் குளத்தில் நடுப்பகலில் போனால் படியில் வரிசையில் நின்று இறங்கவேண்டும். கூட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். பார்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கவலை வேறு இடத்தில் இருக்கிறது. விடுதிகளின் கழிவுநீர் எங்கே போகிறது? கரைந்து பொந்தான கல்லுக்குள். மெரிடா போன்ற பெருநகரமே இன்றுவரை பெரும்பாலும் வீட்டுக் கழிவுத்தொட்டிகளை நம்பித்தான் இருக்கிறது. 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாயா ரயிலுக்காகக் கன்கூன்–துலும் பகுதியில் காட்டை வெட்டி, ஆயிரக்கணக்கான எஃகுத் தூண்களைத் தரையில் இறக்கினார்கள். பல தூண்கள் குகைக் கூரையைத் துளைத்து, நீருக்குள் நிற்கின்றன. துருப்பிடித்த எஃகும் சிந்திய கான்கிரீட்டும் தெளிந்த நீருக்குள் கிடப்பதை முக்குளிப்பவர்கள் படம் பிடித்து வெளியிட்டார்கள். அந்தக் கல் விழுதுகளுக்குப் பக்கத்தில் அந்தத் தூணைப் பார்க்கும்போது வரும் கோபத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

இப்போது ஓமூனுக்குத் திரும்பலாம், ஏனென்றால் மாற்றத்தின் பொருள் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. 2016இல் அந்த ஊர் எல்லையில் ஏறக்குறைய 49,000 பன்றிகளுக்கான தொழிற்பண்ணைக்கு அனுமதி கொடுத்தார்கள். குளங்கள் பிறைவட்டமாக இருக்கும் அந்தப் பகுதியை மாநில அரசே 2013இல் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பகுதியாக அறிவித்திருந்தது. அத்தனை பன்றிகளின் கழிவு அந்தக் கல்லின்மேல். ஊர் கொதித்தது. முன்னால் நின்றவர்கள் யார் என்று பாருங்கள்: குளம் வைத்திருக்கும் குடும்பங்கள், மோட்டோடாக்ஸி ஓட்டுநர்கள், வழிகாட்டிகள், குளிக்க வருவோருக்குச் சமைத்துப் போடும் பெண்கள். கனான் சொனோத் என்று அமைப்பு வைத்தார்கள். குளங்களின் காவலர் என்று அர்த்தம். மாயர்களுக்குரிய சுயநிர்ணய உரிமையைச் சொல்லி 2017இல் தாங்களே வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெருவாரியாகப் பண்ணை வேண்டாம் என்று வந்தது. 2018இல் பண்ணை பன்றிகளை இறக்கி ஓடத் தொடங்கியபின் ஊர்க் குழந்தைகள் பெயரில் வழக்குப் போட்டார்கள். சுத்தமான சூழலும் நீரும் எங்கள் உரிமை என்பது வாதம். அந்த அக்டோபரிலேயே நீதிமன்றம் பண்ணையை நிறுத்திவைத்தது. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது.

ஓமூன் தன் குளத்துக்காக எழுந்து நின்றதற்கு மூதாதையர் பக்தியும் ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் வாராவாரம் குளிக்க வரும் கூட்டமும் ஒரு காரணம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. குழாய் வந்தபின் கைவிட்டுப்போன குளத்தை மறுபடி தினமும் போய்ப் பார்க்கும் இடமாக்கியது அந்தக் கூட்டம்தான். காலையில் படியைக் கூட்டுகிறார்கள். விழுந்த இலையை வலைபோட்டு அள்ளுகிறார்கள். நீரின் நிறம் கொஞ்சம் மாறினாலும் கேள்வி கேட்கிறார்கள். வேலைக்காக மெரிடாவுக்கும் கன்கூனுக்கும் போன பிள்ளைகளில் சிலருக்காவது ஊரிலேயே ஒரு வருமானம் இருக்கிறது. ஏணியில் குடம் சுமந்தவர்களின் வாரிசுகள் இப்போது குளத்துக்குச் சொந்தக்காரர்கள். முகுய்ச்சேயில் முதலாளி குளித்த காலத்துக்கும் ஓமூனில் பாட்டி சீட்டுக் கிழிக்கும் காலத்துக்கும் நடுவில் நடந்திருப்பது சின்ன மாற்றமில்லை. சீட்டு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தக் குளத்தின் கதி. சொந்தக்காரர் வெளியூர் நிறுவனமாக இருந்தால், குளம் கெட்டால் அவர் வேறு குளத்துக்குப் போகலாம். ஓமூன் குடும்பத்துக்கு அப்படி இன்னொரு குளம் கிடையாது. அதே நீர்தான் அவர்கள் வீட்டுக் குழாயிலும் வருகிறது.

யூகத்தானில் பன்றிப் பண்ணைகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. இசமாலுக்கு அருகே சித்தில்பெச் கிராமத்தார் தங்கள் ஊரை ஒட்டிய பண்ணையை எதிர்த்துக் கூடாரம் போட்டு வழிமறித்தபோது, 2023 பிப்ரவரியில் போலீஸ் தடியோடு வந்து அவர்களைக் கலைத்தது. அவர்களும் சொன்னது அதே பேச்சு: கிணற்று நீர் நாறுகிறது, நிறுத்துங்கள். அந்த ஊர்ப் போராட்டக்காரர்களோடு ஓமூனின் குளக்காவலர்கள் சேர்ந்து நிற்கிறார்கள். வார இறுதியில் மோட்டோடாக்ஸி ஓட்டுபவர்கள் வார நாளில் வழக்கறிஞரோடு மெரிடாவுக்குப் பேருந்து ஏறுகிறார்கள்.